அளந்து பிரித்த ஹார்ட் டிஸ்க்

பெரியவள் தன் தங்கையின் கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றுவிடாமல் அழித்த செவ்வாய்க்கிழமை காலை, பதினோரு மணி சுமாருக்கு, அந்த வீடு உள்ளுக்குள் பதினாலு அடி நீண்டது. வெளியே எதுவும் மாறவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் பழைய முப்பதடி வீடுதான், பழைய பச்சைக் கதவுதான். உள்ளே போனால் நடைபாதை போய்க்கொண்டே இருந்தது. சுவரில் கீறல் விழவில்லை, தரையில் தூசி இல்லை, புதிதாக வந்த இடத்துக்கும் பழைய இடத்துக்கும் ஒரே சாயம். பெரியவள் டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை, ஒரே ஒரு வருத்தம்தான்: தங்கைக்கு ஒரு கல்யாணம்தானே நடந்தது. அன்றைக்கே பன்னிரண்டு மணிக்கு வீட்டு வரிக்காக அளக்க வந்தவர் வெளியே முப்பது, உள்ளே நாற்பத்து நாலு என்று குறித்துக்கொண்டு, மறுபடி அளந்து, அதே கணக்கு வரவும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி முப்பத்தேழு என்று எழுதினார். இந்த மாதிரி வீட்டுக்கென்று தனிப் படிவம் எதுவும் அச்சடிக்கவில்லை என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இந்த விரோதத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனவர் அவர்களுடைய அப்பா. கெட்ட எண்ணத்தில் அல்ல. அளவு சரியாக இருந்தால் நியாயமும் சரியாக இருக்கும் என்று முப்பது வருஷம் நம்பிய சர்வேயர் அவர். மூத்த மகள் தையல் ஆலையில் மெஷின் மெக்கானிக், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தெருவில் அவள் பெயர் ஸ்க்ரூ. இளையவள் பல் டாக்டர் ஒருவரிடம் பல்செட் செய்து கொடுப்பவள், அவள் பெயர் பல்செட் என்றே நிலைத்துவிட்டது. இரண்டு பெயரையும் தெரு வைக்கவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி வைத்துக் கத்தியது தெருவுக்குக் கேட்டது, அவ்வளவுதான். இளையவளுக்குக் கல்யாணமாகி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் மாப்பிள்ளை வீட்டோடு வந்து சேர்ந்ததும் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் இன்னும் மோசமானார்கள். ஒரு நாள் அப்பா டேப்பை எடுத்தார். இடப்பக்கம் பெரியவளுக்கு, வலப்பக்கம் சின்னவளுக்கு, கூடமும் சமையலறையும் பொது. நடுச்சுவரின் கனத்தைக்கூட ஆளுக்குப் பாதி என்று கோடு போட்டார். போட்டவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். கூடத்தில் இருந்த கம்ப்யூட்டரையும் விடவில்லை. அதன் எண்பது ஜிபி ஹார்ட் டிஸ்கையும் ஒரு எம்பி கூடாமல் குறையாமல் நாற்பது நாற்பதாகப் பிரித்து, சி டிரைவ் பெரியவளுக்கு, டி டிரைவ் சின்னவளுக்கு என்று ஒதுக்கினார்.

நிலம் தெரிந்தவருக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஓடுவதற்கு வேண்டிய மூட்டை முடிச்செல்லாம் சி டிரைவில்தான் உட்காரும். பொதுக் கிணறு ஒருத்தி பங்கில் விழுந்த மாதிரி ஆயிற்று. தண்ணீர் இருவருக்கும், கிணறு தின்ற இடம் மட்டும் பெரியவளுடையது. அதுவும் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிற கிணறு. பெரியவளின் நாற்பதில் பதினெட்டை மெஷினே தின்றுவிட, தங்கையின் நாற்பது துடைத்து வைத்த தட்டு மாதிரி முழுசாக இருந்தது. அதில் அவள் ஊரார் பல்லையெல்லாம் படம் பிடித்துப் போட்டு வைத்தாள். கேட்டால், அப்பா அளந்து கொடுத்ததுதானே என்பாள். அப்பாவைக் கேட்டால், அளவு சரியாகத்தான் இருக்கிறது என்பார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. இந்த வீட்டில் டிரைவும் வேறு.

அப்பா இறப்பதற்கு முந்தின நாள் கம்ப்யூட்டர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அது அப்போது யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் சின்னவள் அந்த ஃபைலைப் பார்த்தாள். பெயர் 'வீடு'. நீளம் மூன்று மணி பதினோரு நிமிஷம். இருந்தது சி டிரைவில். உடனே அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வந்து பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரே பயம் வந்தது. குடும்பமென்று இருக்கிறவளுக்குத்தானே வீடு வேண்டும் என்று அப்பா நினைத்திருப்பார், தன்னை எங்கேயாவது ஒரு அறை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார் என்பது பெரியவள் பயம். அவளுக்குப் போக வேறு இடமும் இல்லை, கேட்க வேறு ஆளும் இல்லை. ஒண்டிக்கட்டை பாவம் என்று அக்காவுக்கே மொத்தமும் எழுதச் சொல்லியிருப்பார் என்பது சின்னவள் பயம். ஆக, ஒரு வக்கீலிடம் போய், இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால்தான் அதைக் கேட்பது, அதுவரை எவளும் திறக்கக் கூடாது, எவளும் அழிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பதை இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். கேட்காதவரை பாதி வீடு நிச்சயம். காலையிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை கூடமும் கம்ப்யூட்டரும் பெரியவளுக்கு, அதற்கப்புறம் சின்னவளுக்கு. பேச்சு அடியோடு நின்றது. சொல்ல வேண்டியது இருந்தால் மாப்பிள்ளை சொல்லிவிட்டு வருவார், பாதி வசவைத் தானே முழுங்கிக்கொண்டு.

புதுசாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் என்ன என்று அக்கம்பக்கம் கேட்டது. கேட்டவர்களுக்கு விவரம் போதாது. புதுசு வாங்குகிறவள் பழையதை விட்டுக்கொடுத்தவள் ஆவாள், பழையதை விட்டால் அப்பாவின் ஃபைலையும் விட்டாள். அதனால் அந்தக் கிழட்டுப் பெட்டியைப் பெரியவள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினாள். மாசத்தின் முதல் ஞாயிறு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவாள். மெமரித் தகட்டின் பொன்னிறப் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவாள். ஃபேன் முனகினால் அதன் அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நேரம் தப்பாகக் காட்டினால் காசளவு பேட்டரி ஒன்று. இத்தனையும் செய்துவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு எதிரியிடம் ஒப்படைக்க வேண்டுமே என்று வயிறெரிவாள்.

அப்பா போன இரண்டாம் வருஷம் சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டியது. ஒரு படத்தைத் திறக்க ஒரு காப்பி குடிக்கும் நேரமாயிற்று. பெரியவள் உட்கார்ந்து சுத்தம் செய்தாள். மெஷின் தானாகச் சேர்த்து வைத்த குப்பை, என்றோ இறக்கிய சாஃப்ட்வேர் மூட்டைகள், எவளும் விளையாடாத விளையாட்டுகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ததில் மூன்று ஜிபி மிச்சமாயிற்று. அறைக்குப் போனால், சுவரோடு ஒட்டிக் கிடந்த கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கட்டில் நகரவில்லை, சுவர்தான் நகர்ந்திருந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று வாழ்ந்தவளுக்கு வளை தானே வளர்ந்தால் கசக்குமா? அடுத்த மாதம் இன்னொரு சாண். அதற்கடுத்த மாதம் அழிக்கக் குப்பை இல்லை. அதற்குள் சின்னவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவள் செத்துப்போன நோயாளிகளின் பல் படங்களை அழித்ததில் அவள் பக்கம் ஒரு குளியலறை வந்தது, குழாயில் தண்ணீரோடு.

எத்தனை ஜிபிக்கு எத்தனை அடி என்று கணக்குப் போட முயன்று பெரியவள் ஒரு நோட்டையே தீர்த்தாள். ஜிபிக்கும் அடிக்கும் சம்பந்தமே இல்லை என்று கடைசியில் புரிந்தது. குப்பையை அழித்தால் ஒரு சாண். தனக்கு வேண்டியதைத் தானே அழித்தால் ஒரு முழம். அடுத்தவள் பொத்திப் பொத்தி வைத்ததை, அவள் வயிறு எரியட்டும் என்றே அழித்தால் வீடு அள்ளிக் கொடுக்கும். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கல்யாணப் படங்கள் போயின. மத்தியானம் சின்னவள் வந்து பார்த்தாள், அழவில்லை. நேராக சி டிரைவுக்குப் போய், ஒவ்வொரு தையல் மெஷினுக்கும் என்ன நோய், எந்த ஊசி எங்கே உடையும், எந்தப் பல்சக்கரம் எப்போது வழுக்கும் என்று அக்கா பதினைந்து வருஷமாக எழுதிச் சேர்த்த குறிப்புகள் மொத்தத்தையும் அழித்தாள். வீடு தெற்கே பதினெட்டு அடி போயிற்று. நாலடி கூடுதல் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாள்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் நடந்ததை விவரமாகச் சொன்னால் கேட்பவருக்குத் தலை வலிக்கும். ஏட்டிக்குப் போட்டி. காலையில் இவள் அதை அழிப்பாள், மத்தியானம் அவள் இதை அழிப்பாள். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று, இருவரும் சேர்ந்து நிற்கிற பழைய படங்களைக்கூட, முந்திக்கொண்டு அழித்தார்கள். நடைபாதைக்குக் கிளை முளைத்தது, கிளைக்குக் கிளை முளைத்தது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ய மறந்தால் புது அறைக்குக் கதவு மட்டும் வராது. அறை இருப்பது சுவரைத் தட்டினால் கேட்கும், உள்ளே போக முடியாது. யார் எதற்கு உபயோகிப்பது என்று தெரியாத அறைகளே நூற்றுக்கு மேல். அக்கா அறையிலிருந்து தங்கை அறைக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மாப்பிள்ளை உள்ளேயே ஒரு சைக்கிள் வைத்துக்கொண்டார். ஒரு தடவை பஞ்சர் ஆகி வழி தவறி இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் தாடியோடு வந்து, கடைக்கோடியில் ஒரு ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிறது என்றார். அந்த ஊரிலிருந்து கடலுக்குப் போவதானால் ரயிலில் ஒரு பகல் ஆகும். இரண்டு பெண்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடல் யார் பக்கத்தில் விழுகிறது என்று மட்டும் கேட்டார்கள்.

இத்தனை அழித்தும் 'வீடு' என்ற அந்த ஃபைலை ஒருத்தியும் தொடவில்லை. வக்கீல் பத்திரத்துக்குப் பயந்து அல்ல. பெரியவள் எத்தனையோ காலை அதன் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அமுக்கு அமுக்கினால் அப்பா பேசுவார். இன்னொரு அமுக்கு அமுக்கினால் என்றைக்கும் பேச மாட்டார். எது நடந்தாலும் தாங்காது என்று கையை எடுத்துவிடுவாள். நாற்பது அறையை ஆண்டாலும் அது தன் வீடுதானா என்று அவளுக்கு நிச்சயமில்லாமல் இருந்தது. அந்தச் சந்தேகம் ஒரு நாள்கூட அவளை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. அந்த வயிற்றெரிச்சலையும் சேர்த்துத் தங்கை மேல்தான் கொட்டினாள்.

பதினோராம் வருஷம் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. வாழ்நாளெல்லாம் மெஷின் சத்தம் கேட்டவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் கடைவீதி ரிப்பேர்க்காரரை வரவழைத்தாள். அவர் காதை வைத்துக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். மற்ற ஃபைல்களைக் காப்பி எடுத்துவிடலாம், இந்தப் பெரிய ஃபைல் இருக்கிற இடம் கெட்டுப்போயிருக்கிறது, காப்பி எடுக்கப் போனால் பாதியில் நின்றுவிடுகிறது, ஓட விட்டால் திக்கித் திணறி ஒரு தடவை ஓடும், அதற்கப்புறம் தான் பொறுப்பில்லை என்றார். அணைக்க வேண்டாம், அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது என்றும் சொன்னார். அவர் போன பிறகு பெரியவள் வெகு நேரம் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். சும்மா விட்டால் தானே செத்துப்போகும். பத்திரத்தை மீறியதாகவும் ஆகாது, பாதி வீடும் தங்கும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் லாபம். ஆனால் அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. எழுந்து, வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷம் நடந்து, பத்து வருஷத்துக்கு மேலாகத் தட்டாத கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த சின்னவள் கையில் ஒரு பாதிப் பல்செட் இருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"டிஸ்க் போகப் போகுது. அப்பா பேசினதைக் கேக்கணும்னா நாளைக்குள்ள கேக்கணும்," என்றாள் பெரியவள்.

"நீ ஏதாவது பண்ணிட்டியா?"

"பண்ணியிருந்தா மெனக்கெட்டு வந்து சொல்வேனா?"

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். அக்காவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த வரையில் அது நம்பக்கூடியதாகவே இருந்தது. காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போடப்பட்டது, நடுவில் மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி, சாட்சிக்காக. இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை. தங்கைக்கு முன்நெற்றியில் நரைத்துவிட்டதை மட்டும் பெரியவள் கவனித்தாள், சந்தோஷப்படலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். மாப்பிள்ளைதான் ஃபைலை அமுக்கினார். டிஸ்க் நாலு தடவை டிக்கியது. பிறகு ஒரு இருமல், பிறகு மைக்கை யாரோ தட்டுகிற சத்தம், பிறகு அப்பா. ஹலோ, ஹலோ, வருதா என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லாததால் வருகிறது என்றே முடிவு கட்டி, தொண்டையைச் சரி செய்துகொண்டார். "பெரியவளே, சின்னவளே," என்று ஆரம்பித்தார். "இந்த வீட்டைப் பத்தி உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும்."

அந்த இடத்தில் டிஸ்க் திக்கி, சில நொடி ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் திரும்பி வந்தபோது கேட்டது அப்பா குரல் அல்ல. சமையலறையிலிருந்து இரண்டு பெண்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கிணறு யார் பங்கில் விழுந்தது, எவள் பல்லுக்கு எவள் இடம் கொடுப்பது, எவள் வந்ததிலிருந்து இந்த வீடு உருப்படாமல் போயிற்று. அது தங்கள் குரல்தான் என்று புரிய இருவருக்கும் ஒரு நிமிஷம் ஆயிற்று. பெரியவள் தன் குரல் இத்தனை கீச்சென்று இருக்கும் என்று நினைத்ததே இல்லை. பத்து நிமிஷத்தில் அது ஓய்ந்தது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வது கேட்டது. ம் என்றார். உடனே சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்து, அதை வைத்து மறுபடி ஆரம்பமாயிற்று. இப்படியே போயிற்று. அவர் தண்ணீர் குடித்தார். சமையலறை அமைதியானபோதெல்லாம் தொண்டையைச் சரி செய்தார். அவர் வாயைத் திறப்பதும் அவர்கள் வாயைத் திறப்பதும் ஒன்றாகவே நடந்தது, எண்ணிப் பார்த்தால் ஏழு தடவை. பதினோரு வருஷம் கட்டிக் காத்த ஃபைலில் இருந்தது அவ்வளவும் அவர்களுடைய சண்டைதான். யாரும் எழுந்து போகவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று மணி பத்தாவது நிமிஷத்தில் அப்பா தனக்குத் தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

"இதுங்க ஓயட்டும். நாளைக்குச் சொல்லிக்கலாம்."

நாற்காலி நகர்ந்தது, ஃபைல் முடிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியவளுக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது, பிடுங்கித் தின்கிற அவமானம். கிழவர் ஒரு அதட்டல் போட்டிருக்கலாமே என்று அப்பா மேல் கோபம் வந்தது. மூன்று மணி நேரம் பொறுத்து உட்கார்ந்தவரை ஒரு ஐந்து நிமிஷம் பேச விடாத வாயை அறுத்துப் போட வேண்டும் என்று வந்தது. அந்த வாய் யாருடையது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அது தங்கையுடையது என்று தீர்மானித்தாள்.

"நீதான் ஆரம்பிச்ச," என்றாள்.

"நீதான் ஆரம்பிச்ச," என்றாள் சின்னவளும், கண் நிறைய நீரோடு.

ஆரம்பித்த இடத்தைத்தான் டிஸ்க் விழுங்கிவிட்டிருந்தது. திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை கையை நீட்டியபோது உள்ளே எதுவோ உரசி, திரை நீலமாகி, எல்லாம் நின்றது.

ரிப்பேர்க்காரர் அதே எண்பது ஜிபியில் பழைய டிஸ்க் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து மாட்டி, முன்பே எடுத்து வைத்த கொஞ்சநஞ்ச ஃபைல்களையும் ஏற்றினார். இதை எத்தனையாகப் பிரிப்பது என்று கேட்டார். இரண்டாக என்றாள் பெரியவள். கிணறு இந்தத் தடவை யார் பக்கம் என்றாள் சின்னவள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் பிரிக்காமலே விட்டுவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டிஸ்க் மாறியும் வீடு அந்த அளவிலேயே இருந்தது. 'வீடு' ஃபைல் போனதற்கு ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, யாரும் வன்மம் வைத்து அதை அழிக்கவில்லையே.

இனிமேல் எதற்கும் ஆதாரம் இருக்க வேண்டும் என்று பெரியவள் ஒரு மைக் வாங்கினாள். யார் ஆரம்பித்தது என்பது இனி ரெக்கார்டில் இருக்கும், எவளும் மாற்றிப் பேச முடியாது. சின்னவள் இதற்கு உடனே சம்மதித்தாள், தனக்கும் அதுதான் வேண்டும் என்று. ஆனால் ரெக்கார்டில் ஏற வேண்டுமானால் சண்டையை மைக் முன்னால் போட வேண்டும். ஆகவே தினமும் காலை பத்து மணிக்கு, மாப்பிள்ளை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சின்னவள் கூடத்துக்கு வந்து சேருவாள். தேதியைச் சொல்லி, மணியைச் சொல்லி, ஆரம்பிப்பார்கள். முதல் வாரம் அப்பாவைத் தடுத்தது யார் என்பது. பிறகு பின்னோக்கிப் போயிற்று. அழித்த படம் ஒவ்வொன்றுக்கும் சின்னவள் கணக்குக் கேட்டாள். கல்யாணத்தன்று காலில் செருப்பு கடித்து அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்ற படம், அதில் பின்னால் நின்று அக்கா சிரித்த சிரிப்பு, அப்பா கண்ணை மூடிக்கொண்டுவிட்ட படம் என்று நானூறுக்கும் மேல் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதை அழிக்க உனக்கு எப்படிக் கை வந்தது என்று கேட்டாள். பெரியவள் தன் மெஷின்களை வரிசையாக எடுத்துப் போட்டாள், எந்த நம்பருக்கு எந்த இடத்தில் நூல் அறும் என்று. நீ அழித்ததால் ஒன்றும் குறையவில்லை, எல்லாம் என் தலையில் இருக்கிறது என்பது அவள் வாதம். அதை நிரூபிக்கவே இருபது நாள் ஆயிற்று. அந்தப் பழைய பெட்டி குரலை அப்படியே முழுசாகப் போட்டு வைக்கும், நிமிஷத்துக்குப் பத்து எம்பி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசினார்கள்.

இரண்டாவது வாரம் பெரியவளின் கட்டில் சுவரில் இடித்தது. அவளுக்கு உடனே புரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே சின்னவளின் குளியலறை காணாமல் போயிற்று, அவளும் வாயைத் திறக்கவில்லை. கிழிந்த துணிக்கும் கணக்குக் கேட்கிற இருவர், ஒரு குளியலறை போனதைப் பற்றிச் சண்டை போடவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளை யோசித்தார், யாரிடமும் கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிஷம் இருபதாகி, பத்தாகி, ஒரு நாள் சைக்கிளில் ஏறுவதற்குள் கூடம் வந்துவிட்டது. கிளைகள் ஒவ்வொன்றாக உள்ளிழுத்துக்கொண்டன. கடல் தெரிந்த ஜன்னல் என்றைக்குப் போயிற்று என்று யாரும் குறித்து வைக்கவில்லை. சில நாள் சண்டைக்கு விஷயம் இல்லாமல் போகும். அப்போதும் மைக்கை அணைக்க மாட்டார்கள். சின்னவள் பல்செட்டை அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பாள், அதன் கரகர சத்தம் ஏறும். பெரியவள் ஒரு பெருமூச்சு விட்டால், என்ன பெருமூச்சு என்று அவள் கேட்பாள். அதிலிருந்து அன்றைய பாக்கி நேரத்துக்கு விஷயம் கிடைத்துவிடும்.

நாலாவது மாதம் முடிகிற சமயம், வீட்டில் பழைய அறைகள் மட்டும் பழைய இடத்தில் இருந்தன. கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டால் முழங்கால் முட்டியது. முட்டுகிறது என்று பெரியவள் சொன்னாள், நீ தள்ளிப் போ என்று சின்னவள் சொன்னாள், தள்ளிப்போக இடமில்லை. அன்றைக்குப் பதினொன்றே காலுக்குக் கம்ப்யூட்டர் ஒரு சின்னக் கட்டம் காட்டியது: டிஸ்க் நிரம்பிவிட்டது, வேண்டாத ஃபைல்களை அழித்து இடம் உண்டாக்கலாமா? கீழே இரண்டு பொத்தான், சரி என்று ஒன்று, வேண்டாம் என்று ஒன்று. 'வேண்டாம்' என்பதில் இருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதை அமுக்குவது யார் என்பதில்தான் வந்தது. ஒரு மணி வரை கம்ப்யூட்டர் என்னுடையது, நான்தான் அமுக்குவேன் என்றாள் பெரியவள். எப்போதும் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு அமுக்கினது போதும், இதை நான் அமுக்குகிறேன் என்று மவுஸைப் பிடித்தாள் சின்னவள். இருவர் கையும் ஒரே மவுஸ் மேல் இருந்தது, ஒருத்தியும் விடவில்லை. அந்தச் சண்டை மட்டும் ரெக்கார்டில் ஏறவில்லை, டிஸ்கில் இடம் இல்லை. அதை யார் ஆரம்பித்தது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.